கல்லாப்பெட்டியும் கூல் பார்க்கும்

அன்பு மகள் கயலுக்கு,

உன் கட்டுரை வரைவை இரண்டு தரம் வாசித்தேன். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் இளமையில் தேசியவாதி, முதுமையில் பிரபுக்களின் பக்கம் சாய்ந்தவர் என்று பிரித்திருக்கிறாய். அப்படிப் பிரிக்காதே. அவருக்கு இரண்டும் ஒரே கேள்விதான்: கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற மனம் அயர்லாந்தில் யாரிடம் இருக்கிறது? அதை நூலாகப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுது.

'செப்டம்பர் 1913', 'ஈஸ்டர், 1916' என்ற அவருடைய இரண்டு கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. முதலாவதில், பிசுக்குப் பிடித்த கல்லாப்பெட்டியைத் துழாவிக் காசோடு காசும் ஜெபத்தோடு ஜெபமும் சேர்க்கிறவர்களைச் சாடுகிறார். ஓவிய வணிகர் ஹியூ லேன் தருவதாகச் சொன்ன ஓவியங்களுக்கு ஒரு கூடம் கட்ட டப்ளின் இழுத்தடித்ததுதான் அந்தக் கோபத்தின் ஊற்று. கூடத்தை முன்னின்று எதிர்த்த வில்லியம் மார்ட்டின் மர்ஃபியே அந்த வருடம் தொழிலாளரை வேலைக்கு விடாமல் கதவடைப்பை நடத்திய முதலாளியும். இதே கவிதை போற்றும், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பழைய கிளர்ச்சியாளர்களான ஃபிட்ஸ்ஜெரால்ட், எம்மெட், வுல்ஃப் டோன் மூவரும் புரட்டஸ்தாந்தர்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு டியூக்கின் மகன். ஜெபத்தை எண்ணுகிறவர்கள் கத்தோலிக்க நடுத்தர வர்க்கம். தேசத்தின் வீரர் வரிசையை அவர் யாரைக் கொண்டு நிரப்புகிறார் என்பதை நீ தவறவிட்டுவிட்டாய்.

மூன்று வருடத்தில், 1916 ஈஸ்டர் எழுச்சியில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் துவக்கெடுத்தவர்கள் யார்? 'ஈஸ்டர், 1916' தொடக்கத்திலேயே சொல்கிறது: கடைக் கவுண்டரையும் அலுவலக மேசையையும் விட்டு வந்தவர்கள். கல்லாப்பெட்டி இருந்த அதே கடைதான்! உயிரைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தது அவர்களே. யேட்ஸின் கணிப்புப் பொய்த்தது. அதை ஒப்புக்கொள்வதுதான் இந்தக் கவிதை. சொற்களில் அது எப்படி நடக்கிறது என்று காட்டு. 1913இல் 'நீங்கள்' என்று விரல் நீட்டியவர், இங்கே 'நான்', 'அவர்கள்' என்று தொடங்கி, அந்தப் பெயர்களை முணுமுணுப்பது 'நம்' பங்கு என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். பந்திகள் 16, 24, 16, 24 வரிகளாக அமைந்து, எழுச்சி தொடங்கிய 1916 ஏப்ரல் 24ஐ நினைவூட்டுவதை அடிக்குறிப்பில் போடு. அதன்மேல் வாதத்தைக் கட்டாதே.

யேட்ஸைப் 'பிரபு குலத்தவர்' என்று எழுதியது பிழை. தகப்பன் ஓவியர். தாய்வழிப் பொலக்ஸ்ஃபென்கள் ஸ்லைகோவில் ஆலையும் கப்பலும் வைத்து வியாபாரம் செய்தவர்கள். 1914இல் வந்த தொகுப்பின் முகப்புக் கவிதையில், தன் இரத்தம் எந்தச் சில்லறை வியாபாரி வழியாகவும் வந்ததல்ல என்று பெருமைப்படுகிறார். அதே கவிதையில் மூதாதையான ஒரு டப்ளின் வணிகரையும் வாழ்த்துகிறார். அந்த முரண்பாட்டை மூடி மறைக்காதே, அதுதான் உன் கட்டுரைக்குத் தீனி.

யேட்ஸை ஆதரித்த தோழி கிரெகரி சீமாட்டியின் பெருவீடான கூல் பார்க்கை ஒரு வரியில் கடந்துவிட்டாய். 1768இல் அதை வாங்கிய ராபர்ட் கிரெகரி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். கிரெகரி சீமாட்டியின் கணவர் சேர் வில்லியம் யார் தெரியுமா? 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர், கொழும்பு நூதனசாலையின் முன்னால் சிலையாக நிற்கிறவர். 1847இல், அயர்லாந்துப் பஞ்சத்தின் நடுவே, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை என்ற பிரிவைக் கொண்டுவந்தவரும் அவரே. கஞ்சிக்காகக் காணியை விட்டார்கள் குடியானவர்கள். யேட்ஸ் புகழ்ந்த நாகரிகத்தின் அத்திவாரம் அது. பெருவீடுகளை எழுப்பியவர்கள் வன்முறையும் கசப்பும் நிறைந்த மனிதர்கள் என்று 'மூதாதையர் வீடுகள்' கவிதையில் அவரே எழுதியிருக்கிறார். வன்முறை போனால் மேன்மையும் கூடவே போய்விடுமோ என்று அஞ்சுகிறார். இந்த அச்சத்தை விட்டுவிட்டு புரட்டஸ்தாந்தரான தன் இனத்தின் பெருமையைப் பேசிய 1925 செனட் உரையை மட்டும் மேற்கோள் காட்டினால் அவர் வெறும் குலப்பெருமைக்காரராகத் தெரிவார்.

ஒரு திகதியும் திருத்து. கூல் பார்க் வீடு இடிக்கப்பட்டது 1941இல், யேட்ஸ் இறந்து இரண்டு வருடம் கழித்து. 'கூல் பார்க், 1929' எழுதும்போது வீடு முழுசாக நிற்கிறது, கிரெகரி சீமாட்டி உள்ளே இருக்கிறார். அப்போதே யேட்ஸ் உருவற்ற மண்மேட்டில் காஞ்சொறி அசைவதையும், உடைந்த கல்லிடையே கன்றுகள் வேர்விடுவதையும் பார்த்துவிட்டார். நீ அதை இரங்கற்பா என்று எழுதியிருக்கிறாய்.

அன்புடன்,
அம்மா