மழைப் புதுமையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பொங்கல் கழிந்த கையோடு ஜனவரி 16 வந்துவிடும். அது, ஒல்லாந்தர் காலத்தில் மறைந்திருந்து இலங்கைக் கத்தோலிக்கருக்குப் பணியாற்றிய குருவான புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் திருநாள். நவநாள், கொடியேற்றம், திருச்சொரூபப் பவனி எதிலும் நமது பங்குகள் குறை வைப்பதில்லை. பிரசங்கத்தில் கண்டி மழையும் தவறாமல் வரும்: கடும் வரட்சி, பீடம் அமைத்து முழந்தாளிட்டார், மழை கொட்டியது, அவர் இருந்த இடம் மட்டும் நனையவில்லை. சொல்லட்டும், அது நமது மரபு. ஆனால் குருத்துவ வாழ்வுக்கு இவரே முன்மாதிரி என்று தொடங்கிவிட்டு மழையோடு முடித்துவிடுவது போதாது. மழையை வரவழைக்க எந்தப் பங்குத்தந்தையாலும் ஆகாது. அவர் செய்த மற்ற வேலைகளோ எல்லோராலும் ஆகக்கூடியவை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வழக்கமாகத் தேவைப்படும் இரண்டாவது புதுமை (அற்புதம்) கேட்கப்படவில்லை. வாழ்ந்த வாழ்க்கையே சாட்சியாகப் போதும் என்பதாகவே நாங்கள் அதை விளங்கிக்கொள்கிறோம்.

முதலில் ஒரு திருத்தம். அவரைப் போர்த்துக்கேயக் குரு என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்த கொங்கணிக்காரர் அவர், 1676இல் குருவானார். இந்தத் திருத்தம் ஏன் முக்கியம் என்றால், ஐரோப்பியர் ஒருவரால் இந்தப் பணியைச் செய்திருக்கவே முடியாது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். 29 ஆண்டுகளாகத் திருப்பலி இல்லாத இந்த மண்ணுக்கு, 1687இல் ஒரு கூலியாளின் கோலத்தில், வெறுங்காலோடு, யோவான் என்ற துணைவருடன் அவர் வந்தார். நிறமும் நடையும் நம்மைப் போலவே இருந்ததால்தான் அந்தக் கோலம் நின்றுபிடித்தது.

அது வெறும் வேஷமும் அல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1677 ஆகஸ்ட் 5 அன்று, தன்னை மரியன்னையின் அடிமையாக ஒப்புக்கொடுத்துத் தன் கையால் அடிமைச் சாசனம் எழுதி ஒப்பமிட்டவர் அவர். பக்தியில் எழுதியதை உடம்பால் வாழ்ந்து காட்டினார். அவருடைய மரியன்னை பக்தியை விளக்க விரும்பும் போதகர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே போதும், பெரிய அடைமொழிகள் வேண்டியதில்லை.

வந்தவுடனே வயிற்றுளைவு பிடித்து, ஆளில்லாத இடத்தில் ஒரு குடிலில் கிடந்தார். ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சிதான் உயிரைத் தாங்கியது. எழும்பி நடக்கத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையைத் தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். இந்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்று காணி, கலியாணம், பிள்ளைகளின் முதுசம் எல்லாமே ஒல்லாந்தரின் பள்ளித் தோம்பில், அதாவது அவர்களின் சபைப் பதிவேட்டில், ஏறிய பெயரில் தங்கியிருந்தன. வெளியே சீர்திருத்தச் சபைக்காரராக இருந்தவர், உள்ளே என்னவாக இருக்கிறார் என்று எவரிடமும் கேட்க முடியாது. ‘நீங்கள் கத்தோலிக்கரா’ என்ற ஒரு கேள்வி கேட்டவரையும் காட்டிக்கொடுக்கும், பதில் சொன்னவரையும் காட்டிக்கொடுக்கும். செபமாலை எதையும் கேட்பதில்லை. அது என்னவென்று அறியாதவர் பிச்சை போட்டுவிட்டுத் திரும்புவார். அறிந்தவரின் கண் அதில் ஒரு கணம் கூடத் தங்கும். அந்த ஒரு கணத்துக்காக நாட்கணக்கில் படலைகளில் காத்து நின்றார். அப்படித்தான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊரான சில்லாலைக்கு வழி திறந்தது.

சில்லாலையில் இருந்துகொண்டு இரவில் ஊர் ஊராகப் போனார். பாவசங்கீர்த்தனம் கேட்டு, திருப்பலி ஒப்புக்கொடுத்து, விடியுமுன் மறைந்துவிடுவார். இதில் உள்ள உடல் உழைப்பை இன்றைய தலைமுறை அறியாது. இப்போது நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம். அன்றோ நடுச்சாமம் முதல் ஒரு மிடறு தண்ணீரும் கூடாது. 1953 வரைக்கும் தண்ணீருக்கான அந்தத் தடை இருந்தது. நடந்து வந்து, இரவு முழுவதும் பேசிக் கேட்டு, தொண்டை வறண்ட நிலையில்தான் பீடத்துக்குப் போவார்.

நேரக் கணக்கையும் பாருங்கள். மாலை 7 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை 480 நிமிடங்கள். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் 96 பேரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாம், அதற்கு மேல் ஆகாது. இருபத்தொன்பது ஆண்டுகளின் பாவத்தை 5 நிமிடத்தில் சொல்ல வேண்டுமானால், ஆத்தும சோதனையை முன்னதாகவே முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த ஆயத்தத்தைச் செய்விக்க ஊரிலேயே ஆள் தேவை. அங்கேதான் மூப்பரும் அண்ணாவியாரும் வருகிறார்கள்.

மூப்பர் ஊர்ச் சபைக்குப் பொறுப்பு, அண்ணாவியார் செபத்துக்கும் மறைக்கல்விக்கும் பொறுப்பு. குரு வராத ஞாயிறுகளில் சனங்களைக் கூட்டிச் செபமாலை சொல்விப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாகக் கிடப்பவரின் பக்கத்தில் இருப்பது, பிரேதம் அடக்குவது, குரு வருமுன் சாகும் ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் (திருமுழுக்கு) கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. குரு வந்ததும் இன்ன வீட்டில் இன்ன குறை என்று ஒப்புவிக்க வேண்டியதும் இவர்களே. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் செபக்கூட்டத்தைச் சுற்றிவளைத்துப் பலரைச் சிறைப்பிடித்த பிறகு, அடிகளார் இங்கிருந்து புத்தளம் பக்கமாகவும், பின்னர் 1692இல் கண்டிக்கும் போக நேர்ந்தது. அவர் போனபின்னும் யாழ்ப்பாணத்தில் விளக்கு அணையவில்லை. காரணம் அண்ணாவிமார். பங்குத்தந்தை மாறினால் பங்கே நின்றுபோகிறது என்றால், இந்தப் பாடம் படிக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

ஆபத்து வேளை ஞானஸ்நானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நமது அன்பியங்களில் (பங்கின் சிறு அயல் குழுக்களில்) எத்தனை பேருக்கு இது சரியாகத் தெரியும்? சாதாரணத் தண்ணீர் போதும். தீர்த்தமாக (மந்திரித்த தண்ணீராக) இருக்க வேண்டியதில்லை. பன்னீரோ இளநீரோ செல்லாது. தலையில் மூன்று முறை தண்ணீர் வார்த்துக்கொண்டே, குழந்தையின் பெயரைச் சொல்லி, ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். வார்ப்பவரும் சொல்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். ஒருவர் வார்க்க மற்றவர் வாசித்தால் செல்லாது. தண்ணீர் தோலில் ஓட வேண்டும். நனைத்த பஞ்சால் ஒற்றினாலோ, மயிரில் மட்டும் தெளித்தாலோ பின்னர் சந்தேகம் எழும். குழந்தை தேறிவிட்டால் பங்குக்கு அறிவித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இருபது வருடம் கழித்துக் கலியாண எழுத்தின்போது ஓடித்திரிகிறார்கள்.

இனி வைசூரிக்கு வருவோம். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது அரசனும் ஊரை விட்டு விலகினான். சொந்தக்காரரே நோயாளரைக் காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். அடிகளாரும், அப்போதுதான் கோவாவிலிருந்து வந்திருந்த அவருக்கு மருமகன் முறையான உறவினர் யோசேவ் கார்வாலோ அடிகளும் நோயாளர்களுக்குக் குடில் போட்டார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், புண் கழுவினார்கள், பிரேதங்களைத் தாங்களே புதைத்தார்கள். நோயாளரைத் தினமும் இரண்டு வேளை பார்த்தார். கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை. அவரை ஒற்றன் என்று சிறை வைத்த அதே நகரம் அது. ஆயர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்றவர், 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் கண்மூடும்வரை இந்தப் பணியிலேதான் இருந்தார்.

இன்று நம்மிடம் வைசூரி இல்லை. ஆனால் நோயாளருக்கு எண்ணெய் பூசும் ‘அவஸ்தை’ என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டார் பயப்படுகிறார்கள். சுவாமியை (குருவை) கூப்பிட்டால் நோயாளி மனம் உடைந்துவிடுவார் என்று நினைவு தப்பும்வரை தாமதிக்கிறார்கள். நினைவு தப்பிய பின் பாவசங்கீர்த்தனம் இல்லை, விழுங்க முடியாததால் நற்கருணையும் இல்லை, பூசுதல் ஒன்றுதான் மிஞ்சுகிறது. உயிர் போனது நிச்சயமானால் அதுவும் கொடுக்கப்படுவதில்லை. நோயில்பூசுதல் சாவுக்கான அருளடையாளம் மட்டும் அல்ல: கடும் நோய் தொடங்கும்போது, பெரிய சத்திரசிகிச்சைக்கு முன், முதுமையில் தளரும்போது பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

சுவாமிக்குச் சொல்லும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: நினைவு இருக்கிறதா, பேசுவாரா, விழுங்குவாரா. ஆஸ்பத்திரி என்றால் வார்ட்டும் கட்டில் இலக்கமும் வேண்டும். வீட்டில் ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தம், ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கரண்டி வையுங்கள். விழுங்கக் கஷ்டமானால் அப்பத்தின் சிறு துண்டைக் கரண்டித் தண்ணீரோடு கொடுப்பார். ஒட்சிசன் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் மெழுகுதிரி கொளுத்தவே கூடாது, தீப்பற்றும். பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், மகளும் கூட.

எங்கள் வேண்டுகோள் இதுதான். நவநாளின் ஒன்பது நாட்களில் ஒரு மாலையையாவது அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் இளையோருக்கும் ஆபத்து வேளை ஞானஸ்நானமும் நோயாளர் ஆயத்தமும் செய்து காட்டுவதற்கு ஒதுக்குங்கள். ஒரு பொம்மையும் ஒரு செம்புத் தண்ணீரும் போதும். ஒவ்வொரு அன்பியமும் படுக்கையில் இருப்போரின் பெயர்ப் பட்டியலை 16ஆம் திகதித் திருப்பலிக்கு முன் பங்குத்தந்தையிடம் கொடுக்கட்டும். பவனிக்குச் செலவாகும் மாலைப்பொழுதில் ஒன்றை, சொரூபம் இல்லாமல், அந்தப் பட்டியலோடு நடந்து கழியுங்கள். பங்குத்தந்தையின் தொலைபேசி இலக்கத்தையும், அவர் இல்லாத வேளையில் வரக்கூடிய அயல் பங்குக் குருவின் இலக்கத்தையும் கோயில் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மறையாசிரியர்கள் சிலர்,
வலிகாமம் மேற்கு, யாழ்ப்பாணம்.