திருக்காட்சி விழாவில் கவனம் பெறாத இரண்டாம் வாசகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 6-ஐ ஒட்டித் தமிழ் நாளிதழ்களின் ஆன்மிகப் பக்கங்களில் ‘மூன்று ராஜாக்கள் திருவிழா’ எனப்படும் திருக்காட்சி விழா பற்றிய கட்டுரைகள் வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் கஸ்பார், மெல்கியோர், பல்த்தசார் என்ற பெயர்களோடும் ஒட்டகங்களோடும் முடிந்துவிடுகின்றன. இவை எதுவும் மத்தேயு நற்செய்தியில் இல்லை. குழந்தை இயேசுவைக் காண வந்தவர்கள் அரசர்கள் என்றோ மூவர் என்றோ மத்தேயு எழுதவில்லை. ‘கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்’ என்கிறார், அவ்வளவே. காணிக்கைகள் மூன்று என்பதால் ஆட்களும் மூவராயினர். உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் இருவராகவும் நால்வராகவும்கூட அவர்கள் வரையப்பட்டிருக்கிறார்கள். அரசர்களும் ஒட்டகங்களும் எசாயா 60, திருப்பாடல் 72 ஆகிய பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தவை.

கத்தோலிக்கத் திருப்பலியில் அன்று எசாயா 60:1-6, திருப்பாடல் 72, எபேசியர் 3:2-3, 5-6, மத்தேயு 2:1-12 என்ற வரிசையில் இறைவாக்கு படிக்கப்படுகிறது. இரண்டாம் வாசகமான எபேசியர் பகுதி, திருத்தூதர் பவுல் எபேசு நகரத்தாருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து (கடிதத்திலிருந்து) எடுக்கப்பட்டது. அதில் விண்மீனும் இல்லை, குழந்தையும் இல்லை. அதனால்தான் மறையுரையில் அதைத் தொடுவோர் குறைவு. விழாவின் பொருளோ அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது: யூதரல்லாத பிற இனத்தாரும் உடன் உரிமையாளர், ஒரே உடலின் உறுப்பினர், வாக்குறுதியின் உடன் பங்காளிகள்.

இதை எழுதுகிற பவுல், ‘பிற இனத்தாராகிய உங்கள் பொருட்டுக் கைதியாக இருக்கிறேன்’ என்று முந்தைய வரியில் சொல்கிறார் (3:1). அது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. எருசலேம் கோவிலின் வெளிமுற்றம்வரை பிற இனத்தார் வரலாம். அதைத் தாண்டி, மூன்று முழ உயரத்தில் கல் தடுப்பு ஒன்று இருந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு குறிப்பிடுகிறார். அதில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எச்சரிக்கைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. கிரேக்கத்தில் ஏழு வரிகள் கொண்ட அத்தகைய கல் ஒன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்நிய இனத்தவர் எவரும் உள்ளே நுழையக் கூடாது, நுழைந்து பிடிபடுபவரின் சாவுக்கு அவரே பொறுப்பு என்கிறது அது. இந்தத் தடுப்புக்கு உள்ளே துரோப்பிம் என்ற பிற இனத்தவரை அழைத்து வந்தார் என்ற குற்றச்சாட்டில்தான் எருசலேமில் மக்கள் பவுலைப் பிடித்து அடித்தார்கள், உரோமைப் படையினர் அவரைச் சிறைப்பிடித்தார்கள் (திருத்தூதர் பணிகள் 21:27-33). துரோப்பிம் எபேசு நகரத்தவர். பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்தெறிந்தார் என்று எபேசியர் 2:14-இல் படிக்கும்போது இந்தக் கல்லை நினைத்துக்கொண்டால் போதும், விளக்கம் தனியே தேவையில்லை.

மத்தேயு இதையே கதையாகச் சொல்கிறார். ‘யூதர்களின் அரசர்’ என்று இயேசுவை அவருடைய நற்செய்தியில் முதலில் அழைப்பவர்கள் அயலாரான இந்த ஞானிகள்தாம். அதே பட்டம் பின்னர் சிலுவையின்மேல் எழுதி வைக்கப்படுகிறது (27:37). எசாயா முன்னுரைத்த காணிக்கைகள் பொன்னும் சாம்பிராணியும் மட்டுமே. ஞானிகள் கொண்டுவந்த மூன்றாம் காணிக்கையான வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசினோ, யோவான் நற்செய்தியில் இயேசுவின் அடக்கத்துக்கு வந்த நூறு இராத்தல் நறுமணக் கலவையிலும் இருக்கிறது (19:39). மீட்பு சாவின் வழியே வரும் என்பதைக் குழந்தையின் முன்னாலேயே வைத்துவிட்டார்கள் என்று திருச்சபை இதைப் படித்துவந்திருக்கிறது.

இங்கே இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. மீட்பு நமக்கு மட்டும், மற்றவர் வெளியே என்பது ஒன்று. எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்று கடவுள் விரும்புவதாக 1 திமொத்தேயு 2:4 சொல்கிறது. கடவுளுக்கே தெரிந்த வழியில் தூய ஆவியார் அந்த வாய்ப்பை எல்லாருக்கும் அளிக்கிறார் என்று கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது (‘இன்றைய உலகில் திருச்சபை’, எண் 22). எல்லாரும் தாமாகவே மீட்படைந்துவிட்டார்கள் என்பது மற்றொரு தவறு. மெசியா பெத்லகேமில் பிறப்பார் என்று தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் அரசன் ஏரோதுக்குச் சரியாகவே எடுத்துச் சொன்னார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்தான். ஆனாலும் அவர்களில் ஒருவரும் போனதாக மத்தேயு எழுதவில்லை. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. நடக்க வேண்டியது அவரவர்.

தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு இந்த வாசகம் கூடுதலாகச் சுடும். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயம் 1872-இல் சாதிக்கொரு கூடமாக, நடுவே சுவரோடு கட்டப்பட்டது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. மீண்டும் எழுப்பக் கோரியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள், நீதிமன்றம் இடங்கொடுக்கவில்லை. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் அப்படிப்பட்ட சுவர் நிற்பது எவருக்கும் தெரியாத செய்தியல்ல. எபேசியர் திருமுகத்தைப் படித்துவிட்டு அந்தச் சுவரைக் கடந்து வீட்டுக்குப் போவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

பங்கு ஆலயங்களில் உடனே செய்யக்கூடியவை உண்டு. திருப்பலியில் வாசகம் படிப்பவர் எபேசியர் பகுதியைத் தொடங்குமுன், பவுல் ஏன் சிறையில் இருக்கிறார் என்று முன்னுரையில் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். 3:4 விடப்படுவதால் வாசகம் சட்டென்று தாவுகிறது. 5-ஆம் வசனத்துக்கு முன் படிப்பவர் சற்று நிறுத்தினால் கேட்பவர் தடுமாற மாட்டார். வீட்டுச் செபத்தில் எபேசியர் 2:11 முதல் 3:6 வரை தொடர்ந்து படிக்கட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. குடிலில் ஞானிகளின் சுரூபங்களைக் கிறிஸ்மஸ் இரவிலேயே இடையர்களோடு வைத்துவிடாமல், தள்ளி வைத்து விழாவன்று கொண்டுவந்தால், அயலார் தொலைவிலிருந்து வந்தது சிறுவர்களுக்கும் விளங்கும். இடையர்கள் லூக்காவில் தீவனத் தொட்டிக்கு வந்தவர்கள். ஞானிகள் மத்தேயுவில் வீட்டுக்குள் போனவர்கள் (2:11). மறைக்கல்வி வகுப்பில் இரண்டையும் கலந்தால் பின்னர் பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தியாவில் இவ்விழா ஜனவரி 2 முதல் 8 வரை வரும் ஞாயிறன்று கொண்டாடப்படுவதால், கோவிலில் கூட்டத்துக்குக் குறைவிராது. கல்லறைத் தோட்டச் சுவரை அகற்றும் தீர்மானத்தைப் பங்குப் பேரவை அன்றைய திருப்பலியிலேயே அறிவிக்கலாம். தங்கள் நாளிதழும் அடுத்த ஆண்டுச் சிறப்புப் பக்கத்தில் எபேசியர் பகுதிக்கு அரைப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்