வால்காவின் காது

அன்புள்ள சாமுவேல்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வெளியே போவது குறைந்துவிட்டதால் பாட்டுக் கேட்பதுதான் பொழுதுபோக்கு. இந்த மாதம் முழுக்க ஹெல்முட் வால்கா, ஜெர்மன் ஆர்கன் கலைஞர். ஞாயிறுதோறும் சர்ச்சில் டெனர் பாடும் உன்னிடம்தான் இவரைப் பற்றிப் பேச முடியும்.

1907இல் லைப்சிக்கில் பிறந்தவர். பெரியம்மைத் தடுப்பூசி போட்டதில் கண் பாதிக்கப்பட்டு, இருபது வயதுக்குள் பார்வை முழுசாகப் போய்விட்டது. 1929இல் பிராங்க்ஃபர்ட்டில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார். போருக்குப் பின், 1946 முதல் 1981 வரை, அதே ஊரில் திரைகோனிக்ஸ் தேவாலயம். இடையே பேராசிரியர் வேலையும் உண்டு. அமெரிக்காவிலிருந்தெல்லாம் மாணவர்கள் தேடி வந்திருக்கிறார்கள்.

அவர் பாடம் பண்ணிய விதத்தைக் கேள். முதலில் அம்மா, பிற்பாடு மனைவி உர்சுலா, ஒவ்வொரு குரலையும், அதாவது ஒரே சமயத்தில் ஓடும் ஒவ்வொரு ராக வரியையும், தனியாக வாசித்துக் காட்டுவார்கள். அடிக்குரலான பேஸ் தனி, அதற்கு மேலே வரும் டெனர் தனி. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்து, மனசுக்குள்ளேயே எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வார். ஜெர்மன் இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ஆர்கன் படைப்புகள் மொத்தமும் இப்படி ஏறியவைதான். அவற்றை இரண்டு முறை ஒலிப்பதிவு செய்தார். முதல் சுற்று 1947இல் லூபெக்கில் தொடங்கியது. பிறகு ஜெர்மனியிலேயே காப்பெல் என்ற சின்னக் கிராமத்துக்குப் போனார்கள். 1680இல் ஷ்னிட்கர் என்ற ஆர்கன் கட்டுநர் ஹாம்பர்க்குக்காகக் கட்டிய ஆர்கன், 1816இல் அந்த ஊர்த் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. நகரத்து ஆர்கன்கள் பல குண்டுவீச்சில் போய்விட்டன, இது தப்பியது. 1956இல் ஸ்டீரியோவில் இரண்டாம் சுற்று ஆரம்பம், ஹாலந்தில் அல்க்மாரில்.

‘பார்வை இல்லாமலே சாதித்தார்’ என்று எல்லா இசைத்தட்டு அட்டைக் குறிப்பிலும் எழுதிவிடுகிறார்கள். அது எனக்கு அலுத்துவிட்டது. பார்வையுள்ளவர்கள் பலர் மேல்குரலைத் தூக்கிப் பிடித்து, நடுக்குரல்களை ஒப்பேற்றிவிடுவார்கள். இவரிடம் டெனருக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது. தனியாகக் கற்ற குரலை அலட்சியமாக வாசிக்க மனசு வராது போலிருக்கிறது.

பிடிவாதக்காரரும்கூட. 1952இல் மாக்ஸ் ரேகர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் ஆர்கன் இசையைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். ஜெர்மனியில் பெரிய சண்டை. அடர்த்தியான அந்த இசையில் குரல்கள் பிரிந்து கேட்காதது இவர் காதுக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றுகிறது. எனக்கு ரேகர் பிடிக்கும், அதனால் இந்த விஷயத்தில் வால்கா பக்கம் நான் இல்லை. ஆனால் பாக் பாதியில் விட்டுப்போன ‘ஃபியூக் கலை’யின் கடைசி ஃபியூகை (ஒரே ராகத்தைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) இவர் முடித்துவைத்திருக்கிறாரே, அது எங்கே ஒட்டுப் போட்டது என்று தெரியாத அளவுக்கு ஓடுகிறது. பாமாலை ராகங்களுக்கு முன்னிசைகளும் நான்கு தொகுதி எழுதியிருக்கிறார். உங்கள் ஆர்கனிஸ்டிடம் சொல்லிப் பார், சிலது ஆராதனைக்கு முன் வாசிக்க ஏற்ற நீளம்தான்.

காப்பெல் பதிவுகளை முதலில் கேள், சத்தம் கொஞ்சம் பழசாக இருந்தாலும். டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, தேதி முடிவானதும் எழுது. மாடி அறையை ஒழித்துவைக்க வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்