ஃபாடா போகும் வழியில் நின்றவர்களுக்கு

சாட் நாட்டின் தலைநகர் இன்ஜமீனாவிலிருந்து கிழக்கே அபேஷே, அங்கிருந்து வடக்கே பில்தின், கலாயித், ஃபாடா என்று போய் என்னெடி மலைப்பகுதியைப் பார்த்துத் திரும்பினோம். போன ஜனவரியில், நானும் மச்சானும். பத்திரமாகத் திரும்பியதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மச்சானின் அலுவலகத் தோழருக்கு. பயண அனுமதிக் கடிதத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இருபது ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொன்னார். அப்போது சிரித்தோம். திரும்பும்போது மூன்றுதான் மிச்சம்.

கலாயித்தைத் தாண்டினால் ரோடு என்று ஒன்று இல்லை. மணலில் நாலா பக்கமும் டயர் தடங்கள், அவ்வளவுதான். எங்கள் ஓட்டுநர் டயரில் காற்றை இறக்கிவிட்டுத் தடம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். வண்டியை வாடகைக்கு விட்டவர் "எல்லாம் புதுசு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டெப்னி வழுக்கை என்பது முதல் பஞ்சரில் தெரிந்தது. மதியம் பின்பக்க ஸ்பிரிங்கின் மெயின் பட்டை உடைந்தது. அவர் யார் என்பது இங்கே வேண்டாம், விடுங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லாரி வந்தது. தலைக்கு மேல் சரக்கு, சரக்குக்கு மேல் ஆட்கள், பக்கவாட்டில் வரிசையாகத் தொங்கும் தண்ணீர் கேன்கள். நாங்கள் கை காட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. மேலே இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள். உடம்பு எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, ஒட்டகங்கள் எப்படி என்று எங்கள் ஓட்டுநரோடு விசாரிப்பு நீண்டது. அப்புறம் பாய் விரித்து, கரி மூட்டி, டீ போட்டார்கள். மூன்று சுற்று. அது முடியும் வரை யாரும் வண்டியைத் தொடவில்லை. பொழுது சாய்கிறதே என்று எனக்குள் எரிச்சல், முகத்திலும் தெரிந்திருக்கும். மன்னியுங்கள், லாரி ஓட்டுநர் அண்ணா.

டீ முடிந்ததும் அரை மணி நேரத்தில் வேலை ஆகிவிட்டது. உடைந்த பட்டைக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, பழைய டியூபை நாடா நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினார்கள். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. லாரி கொஞ்ச தூரத்தில் பிரிந்து ஃபாயா என்ற வேறு ஊருக்குப் போகிறதாம். அதனால் லாரி ஓட்டுநர் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்: சர்க்கரை, தேயிலை. ஃபாடா சந்தையில் தங்கை இருக்கிறாள், சேர்த்துவிட்டால் போதும் என்றார்.

டியூப் கட்டு ஃபாடா வரை தாங்கியது. ஊருக்கு வெளியே துருப்பிடித்த டாங்கிகள் இன்னும் கிடக்கின்றன. 1987 ஜனவரி 2-ல் சாட் படை டொயோட்டா பிக்கப்புகளில் வந்து லிபியப் படையிடமிருந்து இந்த ஊரை மீட்டது. எங்கள் டொயோட்டாவுக்குப் பழைய பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிய மெக்கானிக்குக்கு அதில் இன்னும் பெருமை. அந்தப் போரின் கண்ணிவெடிகள் வடக்கில் பல இடங்களில் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. "என் கால் தடத்தில் உன் காலை வை" என்று சொல்லிச் சொல்லியே நடத்திக் கூட்டிப்போன வழிகாட்டித் தம்பிக்கும் நன்றி.

என்னெடி மலையில் உள்ள அர்ஷேய் சுனைக்கு மேலே பாறையில் ஏற்றி உட்காரவைத்ததும் அவர்தான். கீழே பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான ஒட்டகங்கள், சாணம் கலந்து கறுத்த தண்ணீரில். அவை கத்துவது இரண்டு பக்கப் பாறையிலும் மோதி மேலே வருகிறது. அந்தச் சாணத்தில் பாசி, பாசியைத் தின்று மீன், மீனைத் தின்று முதலை. சகாரா பசுமையாக இருந்த காலத்திலிருந்து தப்பிப் பிழைத்த வம்சம், இப்போது விரல்விட்டு எண்ணலாம். ஒன்றைப் பார்த்தோம். அதற்குள் மச்சான் கேமராவைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றிரவு ஒட்டகக்காரர்கள் தட்டில் வைத்தது தானியமாவுக் களியும் காய்ந்த வெண்டைக்காய்க் குழம்பும். கம்பங்களி தின்று வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழி பறித்துக் குழம்பு ஊற்றினேன், அவர்கள் சிரித்தார்கள்.

லாரி ஓட்டுநர் அண்ணாவுக்கு ஒரு தகவல். பொட்டலம் சேர்ந்தது. தங்கை கையில் தூக்கிப் பார்த்து, சர்க்கரை சரி, தேயிலை போன தடவை மாதிரி இல்லை என்றார். திரும்பி வரும் வழியில் கலாயித்தில், ஃபாயா போகிற இன்னொரு லாரிக்காரரிடம் இதைச் சொல்லி அனுப்பினோம். யார், எந்த லாரி என்றுகூட அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "உட்காருங்கள், டீ" என்றார்.