பிறவிக் கோளாறு என்றால் காப்பீடு கிடையாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களின் கிளைமை, ‘இது பிறவிக் கோளாறு’ என்று ஒரே வரியில் தள்ளிவிடும் வழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. நான் பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பில்லில் கழிவு ஒரு கிலோ கூடப் போட்டிருந்தாலும் கேள்வி கேட்டே பழகிவிட்டது. அதனால் பாலிசிப் புத்தகத்தைப் பொடி எழுத்து உட்பட விடாமல் படித்தேன்.

விஷயம் என் தம்பி மகனைப் பற்றியது. 26 வயது. சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்திருக்கிறான், தவணை இன்னும் முடியவில்லை. மண்டியில் முருங்கையும் கத்திரியும் சின்ன வெங்காயமும் ஏற்றிக்கொண்டு, புளியரை தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் புனலூர், கொட்டாரக்கரை கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவான். சென்ற ஆண்டு புனலூரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். கடைக்காரர்கள் இவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். (அதனால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுதான் சரி. மலைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.) ஸ்கேனில் மூளையில் ரத்தக் கசிவு என்று தெரிந்தது. அங்கிருந்து அப்படியே திருவனந்தபுரம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்; தலை, நரம்பு என்று எதுவானாலும் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் போவது அங்கேதான்.

ஆஞ்சியோகிராம் எடுத்த பிறகு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். நோயின் பெயர் ஏ.வி.எம்., அதாவது தமனியும் சிரையும் தப்பாகப் பின்னிக்கொண்ட ரத்தநாள முடிச்சு. தமனியில் அழுத்தத்தோடு வரும் ரத்தம் தந்துகிகளில் பிரிந்து, வேகம் தணிந்த பிறகுதான் சிரைக்குப் போக வேண்டும். இவனுக்கு மூளையில் ஓரிடத்தில் தந்துகிகளே இல்லை. குண்டாறு அணைத் தண்ணீர் கால்வாய், மடை, வாய்க்கால் என்று பிரிந்து வந்தால் வயல் தாங்கும். மதகைத் திறந்து நேராக வரப்பில் விட்டால் வரப்பு நிற்குமா? மெல்லிய சுவர் உள்ள சிரை தமனியின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் ஒருநாள் கசிந்துவிடுகிறது.

இந்த முடிச்சு பெரும்பாலும் பிறக்கும் முன்பே உருவாகிவிடுவதாகக் கருதப்படுகிறது. ஆனால் 20, 30 வயது வரை ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். பலருக்கு முதல் அறிகுறியே ரத்தக் கசிவோ வலிப்போதான். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தெரிய வந்தவர்களும் உண்டு. கண்டுபிடித்த பிறகு சும்மா விட்டால் ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 4 சதவீதம் கசிய வாய்ப்பு உண்டு என்றார்கள். ஒரு தடவை கசிந்துவிட்டால் அது இன்னும் கூடும். தொடை வழியாக நுண்ணிய குழாயை மூளை வரை செலுத்திப் பசை விட்டு அடைப்பது, மண்டையோட்டைத் திறந்து முடிச்சை எடுப்பது, கதிர்வீச்சால் சுருக்குவது என்று மூன்று வழிகள் உண்டு. கதிர்வீச்சில் முடிச்சு மூடிக்கொள்ளவே இரண்டு மூன்று வருடம் ஆகுமாம். இவனுக்குப் பசை விட்டு, அப்புறம் அறுவை செய்தார்கள். பிழைத்துக்கொண்டான். இடது கையில் மட்டும் இன்னும் பிடி சரியில்லை.

செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியது. தம்பி மனைவியின் நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. பாலிசி இருக்கிறதே என்ற தைரியத்தில் வைத்த நகை அது. கம்பெனியோ கிளைமை நிராகரித்து இரண்டு காரணம் சொன்னது. ஒன்று, இது பிறவி நோய். இரண்டு, பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டு விதிகள் பிறவிக் குறைகளை இரண்டாகப் பிரிக்கின்றன: உடலில் வெளியே தெரிகிற இடத்தில் இருப்பது ஒன்று, உள்ளே மறைந்திருப்பது மற்றொன்று. பாலிசியில் எவற்றையெல்லாம் விலக்கி வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளுறுப்புப் பிறவி நோய்களும் மரபணு நோய்களும் இருக்கின்றன. மூளைக்குள் இருக்கும் முடிச்சு வெளியே தெரிகிற குறையா? எங்கள் பாலிசிப் புத்தகத்திலும் ‘வெளியே தெரியும் பிறவிக் குறை’ மட்டும்தான் விலக்கப்பட்டிருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தில் ‘வெளியே தெரியும்’ என்பதை விட்டுவிட்டு, ‘பிறவி’ என்பதை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மண்டியில் எவனாவது இப்படிப் பில் போட்டால் மறுநாள் அவன் கடைக்குச் சரக்கு போகாது.

இரண்டாவது காரணம் வந்த கதை வேறு. அட்மிஷனின்போது டியூட்டி டாக்டர் கேட்டதற்கு, ‘ரெண்டு வருஷமாவே இவனுக்கு அடிக்கடி தலைவலி வரும்’ என்று இவன் அம்மா சொல்லியிருக்கிறார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிட்டது. பாலிசி எடுத்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பிறகென்ன, பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். விதிப்படி முன்பே இருந்த நோய் என்றால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்காக டாக்டர் சிகிச்சை சொல்லியோ கொடுத்தோ இருக்க வேண்டும். வெயிலில் வண்டி ஓட்டுகிறவன் மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டது இதில் எப்படிச் சேரும்? தனக்கே தெரியாத முடிச்சை அவன் விண்ணப்பத்தில் எப்படி எழுதுவான்?

இந்த ‘பிறவி’யால் ஊருக்குள் இன்னொரு தொல்லையும் வந்தது. இவன் தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ‘வம்சத்தில் இருக்கிறதா?’ என்று இரண்டு வீட்டில் கேட்டுவிட்டார்கள். பிறக்கும்போதே இருப்பது வேறு, பரம்பரையாக வருவது வேறு. மூளையில் வரும் இந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை குடும்பத்தில் தொடர்வதில்லை. விதிவிலக்காக ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்தக் குடும்பங்களில் பலருக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை என்று டாக்டர் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வெளியே தெரியும் குறையோடு பிறக்கும் குழந்தைகளின் பாடு இதைவிட மோசம். முதுகுத்தண்டு சரியாக மூடாமல், முதுகில் நீர்ப்பை போன்ற வீக்கத்தோடு பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த உடனே அறுவை தேவைப்படும். பல பாலிசிகளில் அதற்குப் பணம் கிடையாது. இவர்களுக்காக 2013 முதல் அரசின் சிறார் நலத் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் தாய் தகப்பனிடம் இதைச் சொல்ல ஆள் இருப்பதில்லை என்பதுதான் குறை.

கம்பெனிகளை நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நிராகரிப்புக் கடிதத்தைத் தமிழில் கொடுங்கள். எந்த விதி என்று எண் போட்டு, அந்த விதியை முழுதாக அச்சிடுங்கள். பாலிசியின் சுருக்கத் தகவல் தாளை, கேட்டால் அவரவர் மொழியில் தர வேண்டும் என்று 2024 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. எங்கள் ஏஜென்டுக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே நான் சொல்லித்தான் தெரிந்தது.

இதே மாதிரிக் கடிதம் வந்தவர்கள் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரையிலான புகாரை எடுப்பார்கள். கம்பெனியின் மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை அலுவலகம். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கொச்சி.

எங்கள் மனு சென்னையில் இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் நான் கம்பெனியிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: பாலிசிக்கு முந்தைய 36 மாதத்தில், இவனுக்கு மூளையில் இந்த நோய் என்று எந்த டாக்டர், எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார்?

இப்படிக்கு,
காய்கறி மண்டிக் கணக்காளர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.