எந்த ஊர் மேகம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கத்தில் ‘ஜூலை மாதத் தனுஷ்கோடி’ என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். மணலில் ஏற்றி வைத்த வள்ளம், அதன் மேல் காயப்போட்ட வலை, பின்னால் கடல், தலைக்கு மேலே ஊதாவும் கறுப்புமாகத் திரண்டு நிற்கும் மேகம். டீக்கடையில் நாலு பேர் கைமாற்றிப் பார்த்தோம். படம் அழகுதான். ஆனால் அந்த வானம் எங்கள் ஊர் வானம் இல்லை.

மண்டபத்தில் 30 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வள்ளத்தின் நிழல் வள்ளத்துக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறது, அதாவது உச்சி வெயில். மேகத்தின் ஓரத்திலோ அந்தி மஞ்சள். ஈர மணலில் தெரியும் வானம் வெளிர் நீலமாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் விட வலைதான் காட்டிக் கொடுத்தது: வலைக்கண்களுக்குள்ளே பழைய வானம் அப்படியே மிச்சம் இருக்கிறது! மேலே வானத்தை மாற்றிய கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு கண்ணாக நுழைந்து மாற்றத் தெரியவில்லை போலும்.

படத்தைத் திருத்தவே கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜருக்கு அடியில் கையை ஆட்டி ஆட்டி முகத்துக்கு வெளிச்சம் குறைத்தும், அட்டையில் ஓட்டை போட்டு வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்தும் பிரிண்ட் போட்டவன்தான் நானும். கறுப்பு வெள்ளை காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் நீல வானம் கறுத்து, வெள்ளை மேகம் பஞ்சு மாதிரி முன்னால் வந்து நிற்கும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்து ஒரே படமாக்கியிருக்கிறார். அன்றைய நெகட்டிவில் இரண்டும் ஒன்றாகச் சரியாக விழாது, கடல் தெளிந்தால் வானம் வெளிறிப்போகும் என்பதால் அந்த வேலை.

அந்த வேலையை நானும் ஒரு தடவை செய்தேன். 1986 என்று நினைவு. பாம்பனில் ஒரு சம்மாட்டி, அதாவது வள்ளங்களின் முதலாளி, தன் வள்ளங்களைக் காலண்டரில் போட ஆசைப்பட்டார். எடுத்த அன்று வானம் வெறிச்சென்று இருந்தது. கொடைக்கானல் டூரில் எடுத்த மேக நெகட்டிவ் ஒன்று கைவசம் இருந்ததால், அதை ஒட்டிப் பிரமாதமாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். வள்ளத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராக மேகத்தைப் பார்த்தார்.

“இது எந்த ஊரு மேகம் தம்பி? இந்த மேகத்துக்குக் கச்சானும் வராது, வாடையும் வராது. இதை நம்பி எவன் கடலுக்குப் போவான்?”

அவமானமாகத்தான் இருந்தது. திரும்ப வந்து வெறும் வானத்தோடு வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அவர் கேட்டது சும்மா இல்லை. கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. எங்களுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஆண்கடல், பெண்கடல் என்போம். கச்சான் அடிக்கும் ஆனி ஆடியில் தெற்கே கொந்தளிக்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். ஜூலையில் இங்கே மணல்தான் பறக்கும். வானம் வெளுத்துக் கிடக்கும். நீங்கள் போட்ட அந்த நிறத்து மேகம் ஐப்பசி கார்த்திகையில் வந்தால், படம் எடுக்க மாட்டோம். பாம்பனில் எத்தனாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் விசாரிப்போம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். உங்கள் படத்தை யாரோ தலைப்பை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் தொண்டியில் வாக்கப்பட்ட என் தங்கையிடமிருந்து போன். “அண்ணே, தனுஷ்கோடியில இப்படி இருட்டிக்கிட்டு வருதாமே, கூண்டு ஏத்தியாச்சா? நீங்க வீட்டை விட்டுக் கிளம்பிட்டீங்களா?” வெளியே வந்து பார்த்தேன். மண்டை பிளக்கும் வெயில். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்கு ஏழு வயது, அவளுக்கு நாலு. அந்தப் புயலில் ரயிலோடு போனவர்களைப் பற்றி அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். அவளைப் பயந்தாங்கொள்ளி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெளிச்சத்தைக் கூட்டுங்கள், குறையுங்கள், நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ரசனை இருக்கிறவர் கையில் அது குற்றமே இல்லை. வேறு ஊர் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் மட்டும், படத்துக்குக் கீழே ‘வானம் மாற்றப்பட்டது’ என்று இரண்டு வார்த்தை போடுங்கள். எடுத்த மாதத்தையும் நேரத்தையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. யாராவது படத்தோடு தலைப்பை வெட்டிவிடுவார்கள் என்றால், எழுத்தைப் படத்தின் மூலைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பழைய ஸ்டுடியோக்களில் எங்கள் பெயரை அப்படித்தான் அடிப்போம்.

நிஜமாகவே மிரட்டும் மேகம்தான் வேண்டும் என்றால் உங்கள் போட்டோகிராபரை ஐப்பசி பிறந்ததும் அனுப்புங்கள். காலை ஐந்து மணிக்குத் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை போக என் டிவிஎஸ் இருக்கிறது. பெட்ரோல் அவர் செலவு, டீ என் செலவு.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டுடியோக்காரன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.