வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல் அஞ்சலில் போகும். அஞ்சல் செலவு மன்றக் கணக்கில்தான் விழுகிறது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆயுத பூஜையன்று மன்றத்தின் வால்வு வானொலிப் பெட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் இட்டுப் பொரி வழங்கப்பட்டது. பிப்ரவரி 13, உலக வானொலி நாள், தலைவர் தலைமையில் கொண்டாடப்பட்டது. பழைய பெட்டிகளைப் பழுதுபார்க்கும் முகாமுக்கு மெக்கானிக் வந்தார், பெட்டிகள் வரவில்லை.

இனி, ஆண்டு முழுவதும் மாதந்தோறும் நடந்த ‘போஸ்டன் பிளாக்கி’ என்ற பழைய அமெரிக்க வானொலித் தொடரின் நாடகக் கேட்பு. இதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

திருந்திய திருடன் ஒருவன் துப்பறிகிற அமெரிக்க நாடகம் நமக்கு எதற்கு, இலங்கை வானொலியின் பழைய நாடகங்களைப் போடலாமே என்று சென்ற பொதுக்குழுவிலேயே ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். போடலாம்தான். ஒலிப்பதிவு இருந்தால் கொடுங்கள் ஐயா, அடுத்த ஞாயிறே போடுகிறேன் என்றேன். இன்றுவரை வந்து சேரவில்லை. பிளாக்கி நம் கைக்கு வந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல, வியாபாரம். சின்சினாட்டி நகரத்து பிரெடரிக் ஸிவ் என்பவர் நாடகங்களை முன்கூட்டியே பதிவு செய்து, 16 அங்குல இசைத்தட்டுகளாக ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு விற்றார். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழக் கால் மணி நேரம் ஓடும். அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கம் போதும். நேரலையில் நடித்த பல நாடகங்கள் காற்றோடு போயின. விற்பனைக்கென்று தட்டில் ஏறியவை தப்பின. 1945 ஏப்ரலில் தொடங்கி 1950 வரை வந்த அந்தத் தொடரில் 200-க்கும் மேற்பட்ட நாடகங்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதியை இன்றும் கேட்க முடிகிறது.

அந்தத் தட்டுகளில் நடுநடுவே ஆர்கன் இசை மட்டும் தனியாக ஒலிக்கும். உள்ளூர் நிலையம் தன் ஊர்க் கடைக்காரரின் விளம்பரத்தைப் படித்துக்கொள்வதற்காக விட்ட இடம் அது. நம் கூட்டத்தில் அந்த இடத்தை வீணாக்குவானேன் என்று சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலைப் படித்தேன். இதற்குத்தான் இவ்வளவு பேச்சு. கொலை நடந்த சூட்டோடு தம் பெயரைக் கேட்டது மனத்தைப் புண்படுத்தியதாக இரு உறுப்பினர்கள் எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறார்கள். கடிதத்தைக் கொண்டுவந்தவர்கள் சந்தாவைக் கொண்டுவரவில்லை. பட்டியல் பொருளாளர் கையெழுத்திட்டது. நான் குரல் மட்டும் கொடுத்தேன்.

திருடன் எப்படித் துப்பறிவாளன் ஆவான், நம்பும்படியாக இல்லையே என்று துணைத்தலைவர் சொன்னார். பிரான்ஸில் விடோக் என்பவர் அப்படித்தான் ஆனார். சிறை சென்று, சிறையிலிருந்து தப்பி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் போலீஸின் துப்பறியும் பிரிவுக்கே தலைவராக இருந்தார். சிறைக்குப் போய்த் திரும்பியவர்களையே ஆட்களாகச் சேர்த்துக்கொண்டார். 1833-இல் தனியார் துப்பறியும் அலுவலகமும் திறந்தார். துணைத்தலைவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவும் இல்லை.

பிளாக்கியைப் படைத்த எழுத்தாளர் ஜாக் பாயில் என்பவரே சிறைப் பறவைதான். சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகையாளராக இருந்தவர், அபினிப் பழக்கத்தில் விழுந்து, கடைசியில் சான் குவென்டின் சிறைக்குப் போனார். 1914-இல் ஓர் அமெரிக்க மாத இதழில் வந்த முதல் கதைகளில் அவர் பெயர் கிடையாது. ‘எண் 6606’ என்று ஒரு கைதி எண்தான் இருந்தது. அந்தக் கதைகளின் பிளாக்கி திருந்தியவனே அல்ல. பெட்டகம் உடைப்பவன், படித்தவன், தனக்கென்று ஒரு நியாயம் வைத்திருப்பவன். 1941 முதல் 1949 வரை கொலம்பியா நிறுவனம் செஸ்டர் மோரிஸை வைத்து எடுத்த 14 படங்களில் அவன் முன்னாள் திருடனாகிவிட்டான். அதே மோரிஸ் 1944 கோடையில் வானொலிக்கும் வந்தார். வேறொரு நகைச்சுவைத் தொடர் விடுமுறையில் போன சில மாதங்களுக்கு மட்டும்தான். விளம்பரம் கொடுத்தது சலவைச் சோப்புத்தூள். சோப்புத்தூள் விற்க வந்தவன் பெட்டகம் உடைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பாயிலின் கதைகளில் இருந்த சிறை வாடை வானொலியில் அறவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அதைக் கழுவிவிட்டு அவர்கள் படங்களிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

அதுதான் இன்ஸ்பெக்டர் ஃபாரடே. ஊரில் எங்கே பிணம் விழுந்தாலும் அவர் முதலில் தேடுவது பிளாக்கியைத்தான். பிளாக்கி ஓடி ஒளிந்து, உண்மைக் குற்றவாளியைப் பிடித்துக் கையில் கொடுக்கிறான். ஃபாரடே முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார். அடுத்த வாரம் மறுபடி அவன்மேல்தான் சந்தேகம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படியே! ஸிவ் தொடரில் ரிச்சர்ட் கோல்மர் பிளாக்கியாகவும் மாரிஸ் டார்ப்ளின் ஃபாரடேயாகவும் நடித்தார்கள். இந்தக் கோல்மர் பத்திரிகையாளர் டோரத்தி கில்காலனின் கணவர். இருவரும் நியூயார்க்கில் தம் வீட்டிலிருந்தே காலைச் சிற்றுண்டி நேரத்தில் வானொலியில் பேசியவர்கள். டார்ப்ளினோ ‘மர்மப் பயணி’ என்ற திகில் தொடரில் கேட்பவரைக் குலைநடுங்க வைத்தவர். ஃபாரடேயாக அதே குரல் அசடு வழிகிறது. பகலில் காய்கறி விற்கிறவர் இரவில் கூத்தில் ராஜா வேஷம் கட்டுவதைப்போல, குரலாலேயே ஆள் மாறுகிற வித்தை அது. இதைக் கூட்டத்தில் விளக்கிச் சொன்னபோது கேட்க ஆட்கள் குறைவாக இருந்தார்கள். மழை என்றார்கள். கிரிக்கெட் என்றார்கள்.

ஓ. ஹென்றியின் ஜிம்மி வாலன்டைன் கதையையும் ஒரு கூட்டத்தில் படித்தோம். அவரும் ஒஹாயோ சிறையில் இருந்தவர். 1903-இல் வெளிவந்த கதை. திருந்திய பெட்டகத் திருடன், வங்கிப் பெட்டகத்துக்குள் மாட்டிக்கொண்ட சிறுமியைக் காப்பாற்றத் தன் பழைய கருவிகளை எடுக்கிறான். அவனைப் பிடிக்க வந்த பென் பிரைஸ் அதைப் பார்த்துவிட்டு, அவனைத் தெரியாதவர்போல் போய்விடுகிறார். பென் பிரைஸ் நல்லவரா, ஃபாரடே நல்லவரா என்று விவாதம் வைத்தேன். பென் பிரைஸுக்கே எல்லாரும் கைதூக்கினார்கள். மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் ரசீதுகளைக் கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அந்த ஜெராக்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதுகளின் அமெரிக்க ஆங்கிலம் பலருக்குப் பிடிபடவில்லை. எனவே ஒவ்வொரு நாடகத்துக்கும் தமிழில் கதைச்சுருக்கம் எழுதி, பிரதி எடுத்து, வாசலில் கொடுத்தேன். கொலையாளி யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன். பிரதியை வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. கொலையாளி யார் என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்டவர்களும் உண்டு. சந்தா கட்டியவர்களுக்குச் சொன்னேன்.

வரவு செலவு. பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவே. வித்தியாசம் முன்பணத்தால் ஈடுகட்டப்பட்டது. யாருடைய முன்பணம் என்று நான் சொல்வது அழகல்ல. ஒலிபெருக்கி வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் ரசீதுதான் என்பது என் கருத்து. தணிக்கையாளருக்கு வேறு கருத்து இருக்கிறது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய், மாதத்துக்கு 25. ஒன்றிரண்டு காப்பிக் காசு. பாக்கி வைத்திருப்போரில் சிலர் மூன்று ஆண்டுகளாக நம்மிடம் ஆயுள் உறுப்பினரைப்போலவே நடந்துகொள்கிறார்கள்.

நன்றி. கூடத்தை இலவசமாகத் தந்த நூலகத்துக்கு, நாற்காலி தந்தவருக்கு, சுக்குக் காப்பி போட்ட தலைவரின் வீட்டாருக்கு, எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்த காவலாளிக்கு. அவர் கதவைப் பூட்டத்தான் வந்தார். ஆனாலும் பிளாக்கி முழுவதையும் கேட்டவர் அவர் ஒருவரே. ஆங்கிலம் தெரியாது, ஃபாரடே எப்போது ஏமாறுவார் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார். அவரைக் கௌரவ உறுப்பினராக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன்.

அடுத்த ஆண்டு பற்றி. கேட்பு வரிசையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். பாயிலின் மூலக் கதைகளிலிருந்து நாமே ஒரு தமிழ் வானொலி நாடகம் எழுதி, கூடத்தில் மைக் வைத்து நடிக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. எழுத்துப் பிரதி பாதி தயார். ஃபாரடே வேடத்துக்குப் பொருளாளரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அவர் சம்மதிக்க வேண்டும். செயலாளர் பொறுப்புக்கு இளையவர்கள் முன்வர வேண்டும் என்று விரும்புகிறேன். அறிவிப்பு ஒட்டி வெகுநாளாயிற்று, மனு ஒன்றும் வரவில்லை. யாரும் இல்லாத நிலையில் பொதுக்குழு வற்புறுத்தினால், பாக்கிச் சந்தா இன்றே வசூலாகும் பட்சத்தில், மறுப்பதற்கில்லை. புதியவர் யாராவது வந்தால் ஒலிபெருக்கி என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வந்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோ வாடகை அவரைச் சேர்ந்தது.

இப்படிக்கு,
செயலாளர்